சமூகக் கதை எழுதும்போது செய்யும் தவறுகள்

மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள பிள்ளைக்கு ஓர் இடத்தில் என்ன நடக்கும், மற்றவர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று சின்னக் கதையாக எழுதிப் படித்துக் காட்டுவதுதான் சமூகக் கதை. அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது.

இங்கே சிங்கப்பூரில் என் மகனுக்கு நான் எழுதிய முதல் கதை: “தேக்கா சந்தையில் நான் கத்தக்கூடாது. அம்மா கையை விடக்கூடாது. மீனைத் தொடக்கூடாது.” மூன்றும் கட்டளை. நம்மில் பலர் செய்யும் பெரிய தவறு இதுதான். என்ன செய்யலாம் என்று சொல்லும் வாக்கியம் ஒன்று இருந்தால், நடப்பதை விவரிக்கும் வாக்கியங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்கிறார் கிரே. அப்புறம் மாற்றி எழுதினேன்: “ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பெரும்பாலும் கூட்டமாக இருக்கும். மீன் கடைப் பக்கம் தரை ஈரமாக இருக்கும். விற்பவர்கள் சில நேரம் சத்தமாகப் பேசுவார்கள். அவர்களுக்குக் கோபம் இல்லை. சத்தம் அதிகமானால் நான் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளலாம்.” அவனைப் பயமுறுத்தியது அந்தச் சத்தம்தான் என்பதே, இதை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

“பெரும்பாலும்”, “சில நேரம்” என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். “ரயில் மூன்று நிமிடத்தில் வரும்” என்று எழுதி, அது ஐந்து நிமிடத்தில் வந்தால் கதை பொய்யாகிவிடும். நம் பேச்சுவழக்கிலும் கவனம் தேவை. “கண்ணை மூடித் திறப்பதற்குள் லிஃப்ட் வந்துவிடும்” என்றால், பிள்ளை கண்ணை மூடித் திறந்து பார்ப்பான், லிஃப்ட் வந்திருக்காது.

பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதித் தரும் கதையை அப்படியே ஏட்டுத் தமிழில் மாற்றுவதும் உதவாது. வீட்டில் “நிக்கணும்” என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு “நிற்க வேண்டும்” அந்நியம். பாட்டி பேசுகிற மாதிரியே எழுதுங்கள்.

அழுது அடம்பிடித்து முடித்தவுடன் கதையை எடுக்காதீர்கள், அது தண்டனையாகிவிடும். போவதற்கு முன்பே, அமைதியாக இருக்கும்போது படியுங்கள்.

தீபாவளிக்கு வரும் உறவினர்களைக் கட்டிப்பிடிக்க வைக்கவும், பிள்ளை தன் கையைத் திரும்பத் திரும்ப உதறுவதை நிறுத்தவும் கதை எழுதுகிறோம். தயவுசெய்து வேண்டாம். யாருக்கும் தொந்தரவில்லாத ஒன்றை ஏன் மாற்ற வேண்டும்? “கட்டிப்பிடிக்கப் பிடிக்கவில்லை என்றால் கை கூப்பலாம்” என்று எழுதுங்கள். அதை மாமா, சித்திக்கும் காட்டுங்கள்.

கதைகளில் பாதியாவது பிள்ளை ஏற்கெனவே நன்றாகச் செய்வதைப் பாராட்ட வேண்டும். இதை நான் வெகுநாள் மறந்திருந்தேன். இப்போது அவன் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லும் கதை, உணவங்காடியில் சாப்பிட்டு முடித்ததும் அவனே தட்டைக் கொண்டுபோய் வைப்பது பற்றியது.