பல்லைப் பார்த்துப் புழு மருந்து கொடுங்கள்

கோவில்பட்டிப் பக்கம் கன்னி ரக வெள்ளாடு வளர்க்கிறேன். ஐப்பசி மழை பிடித்துப் புல் தலைகாட்டியதும் எங்கள் பக்கத்தில் மருந்து பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மொத்தப் பட்டிக்கும் ஊற்றிவிடுவார்கள். மருந்துக்குப் பழகிப்போன புழுக்கள் பெருகுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. நான் முதலில் ஆட்டின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பேன்; வயதைச் சொல்வது பல்தான். ஒரே காட்டில் மேய்ந்தாலும் பல் போடாத குட்டிக்கும் ஆறு பல் ஆட்டுக்கும் புழுவைத் தாங்கும் சக்தி ஒன்றல்ல.

மழைக்காலத்தில் நமக்கு வில்லன் ஹீமாங்கஸ் என்ற ரத்தம் உறிஞ்சும் புழு. நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். புழுக்கையோடு விழுகிற முட்டை, ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்தில் லார்வாவாகி, அதாவது குட்டிப் புழுவாகி, புல்லில் ஏறிவிடும். ஆடு அதைத் தின்று சுமார் மூன்று வாரத்தில் மறுபடி முட்டை.

பாலை விட்டு மேயத் தொடங்கும் குட்டிகள்தான் அதிகம் அடிபடும். லார்வா பலமுறை உள்ளே போய்ப் பழகினால்தான் இரைப்பைச் சுவரில் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்ளும். அப்புறம் வருகிற லார்வா நிறைய வெளியேறிவிடும். தங்குவதும் முட்டையைக் குறைத்துக்கொள்ளும். இந்தச் சக்தி ஓரளவு கூடிவர ஏறக்குறைய ஒரு வயதாகும், அதாவது முதல் இரண்டு பல் விழுந்து முளைக்கிற சமயம். அதனால் குட்டியைப் புழுவே அண்டாமல் வளர்க்க நினைக்காதீர்கள். சாகாமல் பழக விடுங்கள். வெள்ளாடு எவ்வளவு வளர்ந்தாலும் செம்மறி அளவுக்குத் தேறாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது புல்லிலிருக்கும் லார்வாவுக்கு அதிகம் பழகாமல் தலைமுறை தலைமுறையாகத் தழை கடித்து வளர்ந்த சாதி.

சரி, யாருக்கு மருந்து? வெயிலில் நிறுத்தி, மேல் இமையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, கீழ் இமையை இழுத்தால் உள்சதை தெரியும். அந்தச் சதையின் நிறத்தை ஒப்பிட்டு ரத்தசோகையைக் கண்டுபிடிக்க, தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா என்ற வண்ண அட்டை இருக்கிறது. அதில் 1 நல்ல சிவப்பு, 5 வெள்ளை. தெம்பாக இருக்கும் பெரிய ஆட்டுக்கு 4, 5 வந்தால் கொடுக்கிறேன். குட்டிக்கு 3 வந்தாலே கொடுத்துவிடுவேன், காத்திருக்க மாட்டேன். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினால் அட்டையே தேவையில்லை. மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

பல் நிறைந்த ஆடாயிற்றே என்று சினை ஆட்டை விட்டுவிடாதீர்கள். ஈனுவதற்குக் கொஞ்சம் முன்னிருந்து பால் கொடுக்கிற முதல் வாரங்கள் வரை எதிர்ப்புச் சக்தி சரிந்து, புழுக்கையில் புழு முட்டை கொட்டும். அதைத் தின்னப்போவது அதே ஆட்டின் குட்டிதான். அந்த நேரத்தில் கடலைப் புண்ணாக்கும் அகத்தித் தழையும் கூட்டிப் போடுங்கள். புரதம் குறைந்தால் எதிர்ப்பும் குறையும். ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் தொடவே கூடாது. பல் தேய்ந்த கிழட்டு ஆட்டையும் குட்டிக் கணக்கில் சேருங்கள்.

அளவைக் கண்பார்வையில் மதிப்பிடாமல் தராசில் தொங்கவிட்டு எடை பாருங்கள். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் அளவு வேறு, டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு வாரம் கழித்துப் புதுப் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்கள். முட்டை குறையவில்லை என்றால் மருந்தை மாற்றித் தருவார்கள்.