லைஃப் இன் த யூகே டெஸ்ட்: வரலாற்றுப் பகுதியில் சறுக்காமல் இருக்க

நிரந்தர வதிவிடமோ பிரிட்டிஷ் குடியுரிமையோ கேட்கும் 18 முதல் 64 வயது வரையானவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையை எழுதித்தான் ஆகவேண்டும். 45 நிமிடம், 24 கேள்விகள். 18 சரியாக இருந்தால் பாஸ். கட்டணம் 50 பவுண்ட். கேள்விகள் வரும் அரசாங்கக் கைநூலில் ஆளைக் கவிழ்ப்பது நீண்டு கிடக்கும் வரலாற்று அத்தியாயம்தான்.

ஆண்டுகளைத் தனித்தனியாக உருப்போட்டால் நிற்காது. பிரிட்டன் வல்லரசான கதையாகக் கோர்த்துப் படியுங்கள். 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே ராஜ்யமாகின்றன. பிறகு நெப்போலியனின் பிரான்ஸோடு போர். 1805இல் கடலில் டிரஃபால்கர் வெற்றி, அங்கே தளபதி நெல்சன். 1815இல் தரையில் வாட்டர்லூ வெற்றி, அங்கே தளபதி வெலிங்டன். இந்த இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் ஏராளம். இந்தப் போர்களுக்கு முன்னும் பின்னுமாகத் தொழிற்புரட்சி: நீராவி எந்திரம், ஆர்க்ரைட்டின் நூற்பாலைகள், ஸ்டீபன்சன்களின் (தந்தையும் மகனும்) ரயில். உலகின் இரும்பு, நிலக்கரி, பருத்தித் துணியில் பாதிக்கு மேல் இங்கிருந்தே போன காலம் அது. அந்தப் பெருமையைக் காட்டத்தான் 1851இல் ஹைட் பார்க்கில் மாபெரும் கண்காட்சி நடந்தது.

அடுத்த பொறி 1807, 1833. முதலாவதில் தடையானது அடிமை வியாபாரம் மட்டுமே. பேரரசில் அடிமை முறையே ஒழிந்தது 1833 சட்டத்தால். விடுதலையானவர்களின் இடத்தில் 20 லட்சம் இந்திய, சீனத் தொழிலாளர்கள் வேலைக்கு வைக்கப்பட்டதாகக் கைநூல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய அந்தக் கூட்டத்தில் நம்மவர்களும் உண்டு.

இலங்கையர் ஒன்றைக் கவனிக்கவும். கைநூலின் மூன்றாம் பதிப்பு, இந்தியா, பாகிஸ்தானோடு சிலோனையும் 1947இல் சுதந்திரம் பெற்ற நாடுகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது 1948 பெப்ரவரி 4 என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் டெஸ்டில் கைநூலில் உள்ளதையே தெரிவுசெய்யுங்கள். கணினியோடு வாதாட முடியாது. வரலாற்றில் வரும் மனிதர்களின் பிறந்த, இறந்த தேதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

சில கேள்விகளுக்கு இரண்டு விடைகளைத் தெரிவுசெய்ய வேண்டும். அவசரத்தில் ஒன்றோடு நகர்ந்தால் மதிப்பெண் போச்சு.

குறைந்தது 3 நாள் முன்னதாக இணையத்தில் பதியுங்கள். பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்க, இனிஷியல் மட்டும் போட்டுப் பதிந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம், பணமும் திரும்பாது. பதிவுக்குக் கொடுத்த அதே ஆவணத்தைத்தான் கொண்டுபோக வேண்டும். டெஸ்டில் தேறாவிட்டால் 7 நாள் காத்திருந்து, மறுபடி 50 பவுண்ட் கட்டி எழுதலாம். தேறினால் சான்றிதழ் வராது, ஒரு குறிப்பு எண்தான் வரும். அதற்குக் காலாவதி இல்லை. விண்ணப்பத்தில் அந்த எண்ணைக் கேட்பார்கள்.