சித்திரைப் புழுதியும் சில அவசரங்களும்

கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் போதும், மறுநாள் காலையிலேயே எல்லோரும் டிராக்டருக்கு ஆள் தேட ஆரம்பித்துவிடுவோம். ரசாயன உரம் போடாத 60 சென்ட் காய்கறித் தோட்டம் என்னுடையது. முதல் வருடம் நானும் அப்படித்தான் ஓடினேன். ஈரம் இன்னும் வடியாத மண்ணில் சக்கரம் ஏறி இறங்கியதில், ஆடி வரைக்கும் உடையாத கட்டிகள்தான் மிச்சம்.

உழுவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். உதிர்ந்தால் பதம். அப்படியே கிடந்தால் இன்னும் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும்.

'சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்பார்கள். இதைக் கேட்டுவிட்டு ரோட்டவேட்டரை மூன்று முறை ஓட்டி மண்ணை மாவாக்குகிறவர்கள் உண்டு. கோடை உழவின் வேலை வேறு. கீழ்மண் புரண்டு மேலே வர வேண்டும்; உள்ளே உறங்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் கொக்கு, மைனாவின் அலகிலும் சிக்க வேண்டும். அதற்கு மண்ணைப் புரட்டிப்போடும் சட்டிக் கலப்பையோ இறக்கைக் கலப்பையோதான் சரி. மாவாக்கிய மண்ணில் அடுத்த மழை அடித்தால் மேலே ஓடு மாதிரி இறுகிவிடும், விதை முட்டி மேலே வராது. கோரைக் களை இருக்கும் நிலமென்றால் ரோட்டவேட்டரை உள்ளே விடவே கூடாது என்பேன். கிழங்குக் கொடியை நறுக்கித் தோட்டம் முழுக்க நட்டுக்கொடுத்துவிட்டுப் போகும்.

அடுத்தது எரு. மாட்டுக் கொட்டகையிலிருந்து நேரே கொண்டுவந்து கொட்டுவதை இயற்கை விவசாயம் என்று நினைப்பது பெரிய தவறு. மக்காத சாணத்தோடு வெள்ளைப் புழுவும் களை விதையும் இலவசமாக வருகின்றன. குப்பையை நிழலில் குவித்து, ஈரம் காயாமல் பார்த்து, இரண்டு மூன்று முறை புரட்டிவிட்டு, சாண நாற்றம் போய் மண்வாசம் வந்தபிறகு போடுங்கள். சாணம், கோமியம், வெல்லம் கலந்து புளிக்கவைக்கும் ஜீவாமிர்தமும் அப்படித்தான்: காய்ந்த மண்ணில் உச்சி வெயிலில் ஊற்றினால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் பிழைப்பது கஷ்டம். பாசன நீரோடு, சாயங்காலம் விடுங்கள்.

பல வகை தானியம், பயறு விதைகளைக் கலந்து விதைத்து, பூவெடுக்கும்போது மடக்கி உழுது எருவாக்குவதுதான் பலதானிய விதைப்பு. அதில் நான் பட்டது கணக்குத் தவறு. வைகாசிக் கடைசியில் விதைத்தேன். பூவெடுக்க 45 நாளாகும், மடக்கி உழுதபின் மக்க இன்னும் இரண்டு மூன்று வாரம் வேண்டும். ஆடி பிறந்துவிட்டதே என்ற பதற்றத்தில் உழுத நாலாம் நாளே கத்தரி நாற்றை நட்டேன். கீழே பச்சைத் தழை புளித்துச் சூடாகிக் கிடக்க, பாதி நாற்று வாடிச் செத்தது. ஆடியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சித்திரைக் கடைசிக்குள் விதைத்தாக வேண்டும். அதுவும் தப்பிவிட்டால் அந்த வருடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம், வெயில் காலத்தில் தக்காளி விலை ஏறுவதைப் பார்த்துச் சித்திரையில் நடும் ஆசை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கினால் பூ கொட்டும், காய் பிடிக்காது. சாணம், கோமியம், பால், தயிர், நெய் கலந்து செய்யும் பஞ்சகவ்யாவை எத்தனை முறை தெளித்தாலும் வெயில் குறையாது.

நாற்றங்காலை எல்லாக் காய்க்கும் ஒரே நாளில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நடும் பருவத்துக்கு வர மிளகாய்க்குக் கிட்டத்தட்ட 40 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, தக்காளிக்கு 25 நாள் போதும். ஆனி பிறக்கும்போது மிளகாயைப் போட்டுவிட்டு, தக்காளி விதையை இன்னும் இரண்டு வாரம் டப்பாவிலேயே வைத்திருங்கள்.