பீடென் மரபணுவைச் சுண்டெலியின் புராஸ்டேட்டில் மட்டும் நீக்குவது எப்படி?

செல் வளர்ச்சியைத் தூண்டும் ஏகேடி பாதைக்குக் கடிவாளம் போடுவது பீடென் என்னும் கட்டித்தடுப்பு மரபணு. இரு பிரதிகளையும் உடல் முழுக்க நீக்கினால் சுண்டெலி கருவிலேயே இறந்துவிடும். அதனால்தான் க்ரீ-லாக்ஸ்பி முறை: இரு லாக்ஸ்பி குறித்தளங்களுக்கு நடுவிலுள்ள டிஎன்ஏவை, க்ரீ நொதி இருக்கும் செல்லில் மட்டும் அது வெட்டி நீக்கும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்தபின் தொடங்குங்கள்.

எலிகள்: ஒரு வகையில், பீடெனின் 5ஆம் எக்ஸானுக்கு (புரதக் குறிப்பைத் தாங்கும் மரபணுத் துண்டு) இருபுறமும் லாக்ஸ்பி தளங்கள் இருக்கும் (ஃப்ளாக்ஸ்). மற்றது பிபி-க்ரீ4, இதில் புரோபேசின் ஊக்கி (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி), க்ரீ நொதியைப் புராஸ்டேட்டில் உருவாக்கும்.

முதல் கலப்பு: ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ் பெண், க்ரீ ஆண். குட்டிகளில் பாதி ஃப்ளாக்ஸ்/+, க்ரீ (+ என்பது இயல்புப் பிரதி).

இரண்டாம் கலப்பு: அந்த ஆணை மீண்டும் ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ் பெண்ணோடு சேருங்கள். வேண்டிய குட்டி (ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ், க்ரீ) நாலில் ஒன்று. ஆணாகவும் இருக்க வேண்டுமென்பதால் எட்டில் ஒன்று. ஒரு ஈற்றுக்கு ஒரு எலி கிடைத்தாலே நல்லது, கூண்டுகளை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

க்ரீ எப்போதும் ஆண் வழியாகவே வரட்டும். தாய் வழி வந்தால் குட்டியின் மற்றத் திசுக்களிலும் திட்டுத்திட்டாக மரபணு நீங்கிவிடும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

மரபணு வகை அறிதல்: மூன்று வாரத்தில் காதுத்துண்டு எடுங்கள். 25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 0.2 மில்லிமோலார் ஈடிடிஏ கலந்த கரைசல் 75 மைக்ரோலிட்டரில் போட்டு 98 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு 40 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 5.5) 75 மைக்ரோலிட்டர். சுழற்றி, மேல்நீரில் 1–2 மைக்ரோலிட்டர் மட்டும் பிசிஆருக்கு (டிஎன்ஏத் துண்டைப் பெருக்கும் சோதனை). அதிகம் ஊற்றினால் வினை நின்றுவிடும். லாக்ஸ்பி கூடுதலாக இருப்பதால் ஜெல்லில் தெரியும் ஃப்ளாக்ஸ் பட்டை இயல்பு பட்டையைவிடப் பெரியது. காதிலேயே 'நீக்கப்பட்ட' பட்டை தெரிந்தால் புராஸ்டேட்டுக்கு வெளியிலும் மரபணு நீங்கியிருக்கிறது என்று பொருள், அந்த எலியை ஒதுக்குங்கள்.

திசு ஆய்வு: 6 வாரத்தில் புற்றுமுன் மாற்றமும் 9 வாரத்தில் ஊடுருவும் புற்றும் பதிவாகியுள்ளன. எலியின் மரபுப் பின்னணி மாறினால் இந்தக் காலமும் மாறும். ஆகவே முடிந்தவரை ஒரே ஈற்றின் உடன்பிறப்புகளோடு ஒப்பிடுங்கள். கட்டுப்பாட்டுக்கு க்ரீ இல்லாத ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ் மட்டும் போதாது. க்ரீயே டிஎன்ஏவைச் சேதப்படுத்தக்கூடும் என்பதால் க்ரீ மட்டும் உள்ள ஆணும் வேண்டும்; அது இரண்டாம் கலப்பில் பிறக்காது, பிபி-க்ரீ4 வகையிலிருந்து எடுங்கள்.

புராஸ்டேட் மடல்களைத் தனித்தனியே பிரித்தெடுங்கள். எல்லா மடலிலும் க்ரீ ஒரே அளவில் வேலை செய்வதில்லை. கட்டியின் பிசிஆரில் ஃப்ளாக்ஸ் பட்டை மிஞ்சியிருந்தால் பதற வேண்டாம், அது பெரும்பாலும் க்ரீ இல்லாத இணைப்புத்திசுச் செல்களுடையது. பீடென் நிறமூட்டலில் எபிதீலியம் (சுரப்பியின் உட்புறச் செல்படலம்) வெறுமையாகவும் பாஸ்போ-ஏகேடி (தூண்டப்பட்ட ஏகேடி) அடர்த்தியாகவும் தெரிந்தால்தான் நீக்கம் உறுதி.

கட்டி மெதுவாக வளர்ந்தால் அது சோதனையின் பிழை அல்ல. பீடென் போனதும் பி53 என்னும் இன்னொரு கட்டித்தடுப்பு மரபணு செல்லை முதுமையடையச் செய்து பிரிதலை நிறுத்துகிறது. பி53 ஃப்ளாக்ஸையும் சேர்த்தால் அந்தத் தடை நீங்கி, கட்டி வேகமெடுக்கும்.