சூளையை மூடிய பிறகுதான் வேலை ஆரம்பம்: ஃபியூஸ்டு கிளாஸ் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலமும் வெள்ளையுமாக ஒரு தட்டு. சூளையிலிருந்து முழுசாக வெளியே வந்தது, விளிம்பெல்லாம் வழவழவென்று இருந்தது. மூன்றாம் நாள் காலையில் அலமாரியைத் திறந்தால், யாரும் தொடாமலே இரண்டாகப் பிளந்து கிடந்தது. நான் பழகத் தொடங்கிய புதிதில் நடந்தது இது. இந்தக் கலைக்கு வரும் பலரும் இப்படி ஒரு தட்டையாவது இழந்திருப்பார்கள். தையல் பிசகினால் அப்போதே தெரியும், பிரித்துத் தைத்துவிடலாம். கண்ணாடி நாம் செய்த பிழையை உள்ளே வைத்துக்கொண்டு, நாள் கழித்துக் காட்டும்.

வண்ணக் கண்ணாடித் துண்டுகளை வெட்டி, அடுக்கி, மின்சூளையில் 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அவை இளகி ஒரே தகடாகிவிடும். அதுதான் ஃபியூஸ்டு கிளாஸ். ஊதுகுழலும் வேண்டாம், உருகிய குழம்பைக் கையாளவும் வேண்டாம் என்பதால் வீட்டிலேயே பழகலாம் என்று தோன்றும். பழகலாம்தான். ஆனால் கண்ணாடி கேட்கும் இரண்டு விஷயங்களை விட்டுக்கொடுக்க முடியாது: ஒத்துப்போகிற துணை, நிதானமாக ஆறுவதற்கு நேரம்.

கிடைத்த கண்ணாடியையெல்லாம் கலப்பது

முதல் தவறு இதுதான், அதிகம் நஷ்டப்படுத்துவதும் இதுதான். ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று, பச்சை பாட்டில் துண்டு ஒன்று, பழைய கதவிலிருந்த வண்ணக் கண்ணாடி ஒன்று என்று சேர்த்து அடுக்கிவிடுவோம். சூளைக்குள் எல்லாம் அழகாக ஒட்டிக்கொள்ளும். ஆறும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும்.

சூடானால் விரிவதும் ஆறினால் சுருங்குவதும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒவ்வொரு அளவு. இதை விரிவுக் குணகம் என்று பள்ளியில் படித்திருப்போம்; இந்தத் தொழிலில் சி.ஓ.இ. என்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் தயாராகும் புல்ஸ்ஐ கண்ணாடிக்கு இது 90; அதாவது ஒரு டிகிரி சூடு ஏறினால் நீளத்தில் கோடியில் 90 பங்கு விரியும். ‘சிஸ்டம் 96’ வகைக்குப் பெயரிலேயே இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி 85-க்குப் பக்கத்தில் வரும். சமையலறையில் சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியோ வெறும் 33.

90-க்கும் 96-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். 20 சென்டிமீட்டர் தட்டு ஒன்று 480 டிகிரியிலிருந்து அறை வெப்பநிலைக்கு இறங்குவதற்குள், ஒன்று மற்றதைவிட சுமார் 0.05 மில்லிமீட்டர் அதிகமாகச் சுருங்கும். ஒரு தலைமுடி கனம்கூட இருக்காது. ஆனால் இறுகிப்போன கண்ணாடிக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. அந்த முடி அளவு இழுபறியே தட்டைப் பிளக்கப் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண் ஒன்றாக இருந்தால் ஒத்துப்போகும் என்பதும் உறுதியில்லை. இளகிய நிலையில் கண்ணாடி எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, எந்த வெப்பநிலையில் இறுகுகிறது என்பதும் சேர்ந்துதான் பொருத்தத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் ஒரு தயாரிப்பாளரின் ஒரே வரிசையிலிருந்து, ‘சோதித்த பொருத்தம்’ என்று குறித்து விற்பதை மட்டும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதிவையுங்கள். கலந்துபோன துண்டைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது.

வண்ணக் கண்ணாடி விலை அதிகம், பழகுவதற்குக் கட்டுப்படியாகாது என்றால் சாதாரண ஜன்னல் கண்ணாடியே போதும். உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை 1959-இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது. இன்று கடையில் கிடைக்கும் ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் அந்த முறையில் செய்ததுதான். கண்ணாடிக் கடையில் 3 மில்லிமீட்டர் பிளெயின் கிளாஸ் துண்டுகள் மலிவாகவே கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு பொருளுக்கான எல்லா அடுக்கையும் ஒரே ஷீட்டிலிருந்து வெட்டுங்கள். டஃபன்டு கிளாஸை (சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடி) மட்டும் எடுக்காதீர்கள். கட்டர் வைத்ததும் பொடிப்பொடியாகிவிடும்.

ஆறவைப்பதில் அவசரம்

உருகுவதற்குச் சில நிமிடம் போதும். மீதி நேரத்தில் பெரும்பகுதி ஆறுவதற்குத்தான். தகட்டின் மேற்பரப்பும் உட்பகுதியும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை ஓர் இடத்தில் நிறுத்தி, பிறகு மெல்ல இறக்குவதை அனீலிங் என்கிறார்கள். புல்ஸ்ஐ கண்ணாடிக்கு அந்த இடம் 482 டிகிரி, ஜன்னல் கண்ணாடிக்கு சுமார் 550. 6 மில்லிமீட்டர் தகட்டை ஒரு மணி நேரம் அங்கே நிறுத்தி, மணிக்கு 80 டிகிரி வீதம் இறக்கலாம். தகடு 12 மில்லிமீட்டர் என்றால் இரண்டு மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 55 டிகிரி வீதம் இறக்க வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது.

அப்புறம், மூடியைத் தூக்கிப் பார்க்கும் ஆசை. அது எல்லோருக்கும் வரும். 200 டிகிரியில் லேசாகத் திறந்தாலும் குளிர்ந்த காற்று மேல்பக்கத்தை மட்டும் சுருக்கிவிடும். உள்ளே 50 டிகிரிக்குக் கீழே வரும்வரை தொடாதீர்கள். நடுவில் கரன்ட் போனாலும் இதே விதிதான். நல்ல சூளையின் சுவர் சூட்டை நெடுநேரம் தாங்கும். மூடியபடியே விட்டு, முழுக்க ஆறியபின், அந்தப் பொருளை மெதுவாகச் சூடாக்கி மறுபடி அனீல் செய்யலாம். பதறித் திறந்தால்தான் எல்லாம் போகும்.

உடைந்ததை வீசிவிடாதீர்கள், அதன் விளிம்பைத் தடவிப் பாருங்கள் (கையுறையோடு). விளிம்பு மழுங்கியிருந்தால் சூடேறும்போதே உடைந்திருக்கிறது, வேகமாகச் சூடாக்கியிருக்கிறீர்கள். கூராக இருந்தால் ஆறும்போது உடைந்தது. விரிசல் இரண்டு நிறம் சேரும் கோட்டை ஒட்டியே ஓடினால் பொருத்தமில்லாத கண்ணாடி. வண்ணத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் வளைந்து, முனையில் கொக்கிபோல் திரும்பினால் பெரும்பாலும் அனீலிங் குறை. என் நீலத்தட்டில் விரிசல் நீலத்தின் ஓரத்தைப் பிடித்தே போயிருந்தது. இரண்டும் ஒரே வகைதான் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

இன்னும் உடையாத பொருளுக்குள் இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. போலராய்டு தாள் (ஒளியை ஒரு திசை அதிர்வில் மட்டும் கடத்தும் தாள்) இரண்டை எடுத்து, வெளிச்சம் மறையும்படி ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பி, நடுவில் கண்ணாடியை வைத்து விளக்கை நோக்கிப் பிடியுங்கள். துண்டுகள் சேரும் இடத்தில் வெண்மையாக ஒளிவட்டம் தெரிந்தால் உள்ளே இறுக்கம் இருக்கிறது. வண்ணம் இருண்டதாக இருந்தால் தெரியாது என்பதால், சந்தேகமுள்ள கண்ணாடியின் சின்னத் துண்டு ஒன்றைத் நிறமில்லாத கண்ணாடிப் பட்டைமேல் வைத்து முதலில் உருக்கிச் சோதியுங்கள்.

அடுக்கும் கனமும்

உருகிய கண்ணாடி 6 மில்லிமீட்டர் கனத்துக்கு வரவே விரும்பும். 3 மில்லிமீட்டர் ஒற்றைத் தகட்டை முழுச் சூட்டுக்குக் கொண்டுபோனால் உள்நோக்கிச் சுருங்கி, ஓரம் தடித்து, நடுவில் மெலிந்து கொப்பளிக்கும். நாலு அடுக்கு வைத்தால் வழிந்து பரவி, வெட்டிய சதுரம் சதுரமாகவே இருக்காது. தொடக்கத்தில் இரண்டு அடுக்கோடு நிறுத்துங்கள். அடுக்குகளுக்கு நடுவே சிக்கும் காற்றை வெளியேற்ற 650 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்தினால் குமிழி பெரும்பாலும் குறையும்.

சூளைத்தட்டில் கில்ன் வாஷ் (கண்ணாடி ஒட்டாமலிருக்கப் பூசும் பூச்சு) பூசாமல் கண்ணாடியை வைத்தால் இரண்டும் பிரியாது. தட்டும் போகும், வேலையும் போகும். பூசியது நன்றாகக் காய வேண்டும். மழைக்காலத்தில் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அது ஆவியாகித் தகட்டுக்கு அடியில் குமிழியாகும். ஒருமுறை முழுச்சூட்டில் சுட்டதும் பழையதைச் சுரண்டிப் புதிதாகப் பூசுங்கள். சுரண்டும்போது N95 முகக்கவசம் கட்டாயம், ஃபைபர் பேப்பரை (சூடு தாங்கும் இழைத்தாள்) கையாளும்போதும் அப்படியே. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்க வேண்டாம்.

வெட்டும்போது கட்டரை ஒரே ஒருமுறை, ஒரே அழுத்தத்தில் இழுங்கள். கீறலின்மேல் மறுபடி ஓட்டினால் கட்டரின் சக்கரம் மழுங்கும், கண்ணாடியும் கோணலாக உடையும். பிறகு எண்ணெய், மார்க்கர் மை, விரல்ரேகை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு அடுக்குங்கள். அழுக்கு இருந்த இடத்தில்தான் பால் படிந்தாற்போன்ற மங்கல் சுலபமாகப் பிடிக்கும். ஜன்னல் கண்ணாடியில் இது இன்னும் அதிகம். 700-லிருந்து 800 டிகிரி வரையுள்ள இடத்தில் நெடுநேரம் தங்காமல் கடந்துவிட வேண்டும்.

முதல் சுடுதலுக்கு இப்படிச் செய்து பாருங்கள். 3 மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடியின் ஒரே ஷீட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் சதுரம் இரண்டு. மணிக்கு 150 டிகிரி வீதம் 650 வரை, அங்கே அரை மணி நேரம். பிறகு வேகமாக 820, பத்து நிமிடம். வேகமாகவே 550-க்கு இறக்கி ஒரு மணி நேரம். அங்கிருந்து மணிக்கு 80 டிகிரி வீதம் 370 வரை, அப்புறம் சூளையை அணைத்துவிட்டு மூடியபடியே விடுங்கள். ஒவ்வொரு சூளைக்கும் பத்து இருபது டிகிரி வேறுபாடு இருக்கும், அதனால் நோட்டில் எண்களையும் விளைவையும் எழுதிவையுங்கள். சாயங்காலம் ஆரம்பித்தால் மறுநாள் மதியத்துக்குமேல் திறக்கலாம்.