மணல் ஈ கடித்த இடத்தைத் தேடி: கிராமத்து நோய் வரைபடம் போடுவது எப்படி?

மட்டக்களப்பில் வயல் செய்யும் பலருக்கு இரண்டு விலாசம் உண்டு. வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், வயல் மேற்கே படுவான்கரையில். விதைப்பு, காவல், அறுவடை என்று வாவியைத் தாண்டிப் போனால் நாட்கணக்கில் வயல் குடிசையான வாடியிலேயே தங்கிவிடுவார்கள். அடையாள அட்டையில் இருப்பதோ வீட்டு விலாசம் மட்டும்.

பயிற்சிக்காக நான் முதன்முதலில் போட்ட நோய் வரைபடம் அதனால்தான் பிழையாகப் போனது. புள்ளிகள் எல்லாம் கரையோரத் தெருக்களில் வரிசையாக நின்றன. பார்க்க நல்ல வடிவு. அதைப் பார்த்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒருவர், "பொழுதுபடக்குள்ள இவங்க எங்க நிண்டாங்க எண்டு கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் கேட்டிருக்கவில்லை. நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

எடுத்துக்கொள்ளும் நோய் லீஷ்மேனியாசிஸ். கணினியில் எக்செல் திறக்கத் தெரிந்தால் போதும், மற்றதை இங்கே பழகலாம்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்

இது ஓர் ஒட்டுண்ணி நோய். பெண் மணல் ஈ கடிப்பதால் பரவுகிறது. அந்த ஈ நுளம்பைவிடச் சின்னது; 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், இரைச்சலும் போடாது. பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரை கடிக்கும். நெடுந்தூரம் பறக்காது, தத்தித் தத்திப் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே திரியும். முட்டையிடுவது தண்ணீரில் அல்ல. மக்கிய சாணமும் சருகும் கலந்த ஈரமண்ணில். ஆகவே டெங்குவுக்குத் தேடுகிற மாதிரிச் சிரட்டையும் டயரும் தேடிப் பயனில்லை. மாட்டுப்பட்டி, கறையான் புற்று, வாடியைச் சுற்றிய பற்றைக்காடு, இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இலங்கையிலேயே தொற்றிய நோயாளியைப் பற்றிய முதல் பதிவு 1992இல் வந்தது. 2008 முதல் இது சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. இந்தியாவில் கலா-அசார் என்ற உள்ளுறுப்பு நோயைக் கொடுக்கும் அதே லீஷ்மேனியா டொனோவானி இனம் நம் நாட்டில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. சின்னப் பரு போல வந்து ஆறாத புண்ணாகும். நோவும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் மாதக்கணக்கில் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. வரைபடம் போடுகிறவருக்கு இது பெரிய தலையிடி: புண்ணைக் காட்டிய நாளுக்கும் ஈ கடித்த நாளுக்கும் நடுவே ஒரு போகமே முடிந்திருக்கலாம்.

படி 1: கேள்விகளை எழுதுங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: புண் எந்த மாதம் தெரிந்தது? அதற்கு முந்திய ஆறு மாதத்தில் இரவு எங்கெங்கே தங்கினீர்கள்? வயல் எந்தக் கண்டத்தில் (வயல்வெளிப் பிரிவில்)? வாடி நிலத்திலா, மரத்தின் மேல் பரணிலா? பக்கத்தில் மாட்டுப்பட்டி உண்டா? வீட்டில் வேறு யாருக்கும் புண் உண்டா?

வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் புண் என்றால் வீட்டைச் சுற்றியே ஈ இருக்கலாம். வயலுக்குப் போகிற ஆண்களுக்கு மட்டும் என்றால் வயல் பக்கம் பாருங்கள். இந்த ஒரு கேள்வியே வரைபடத்தின் பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உண்மையான நோயாளிகளின் விவரத்தை நீங்களாகவே வீடு வீடாகப் போய்த் திரட்டக்கூடாது. சுகாதார வைத்திய அதிகாரியின் அனுமதியோடு, பி.எச்.ஐ. துணையோடு செய்யும் வேலை அது. பழகுவதற்கு இருபது வரிக் கற்பனைத் தரவு போதும்.

படி 2: இடத்தைப் பதியுங்கள்

கோபோ இணையத்தளத்தில் உங்கள் கேள்விகளைப் படிவமாக்கி, போனில் கோபோ செயலியை ஏற்றி அதில் திறந்துகொள்ளுங்கள். இலவசம்தான். சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்து வைத்துக்கொண்டு, டவுனுக்கு வந்தபிறகு அனுப்பலாம். படுவான்கரையில் இந்த வசதி இல்லாமல் கஷ்டம். ஜி.பி.எஸ். துல்லியம் 10 மீட்டருக்குள் வரும்வரை வெட்டவெளியில் நின்று காத்திருங்கள். ஓர் ஆளுக்கு வீடு ஒரு புள்ளி, இரவு தங்கிய இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

படி 3: அட்டவணை

ஒரு புள்ளிக்கு ஒரு வரி. ஆளின் பெயர் வேண்டாம், எண் போடுங்கள். அது வீடா, இரவு தங்கிய இடமா என்பதற்கு ஒரு பத்தி. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் தனித்தனிப் பத்தியில். சேமிக்கும்போது 'சி.எஸ்.வி. யூ.டி.எப்-8' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். வெறும் சி.எஸ்.வி. என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

படி 4: கியூஜிஐஎஸ்

வரைபடம் போடும் மென்பொருள்; இதுவும் இலவசம். திறந்ததும் இடப்பக்கம் 'எக்ஸ்.ஒய்.இசட். டைல்ஸ்' கீழே உள்ள ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இருமுறை அழுத்துங்கள், பின்னணி வந்துவிடும். பிறகு லேயர் மெனுவில் 'ஆட் லேயர்', அதற்குள் 'ஆட் டீலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்'. எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகை, ஒய் என்ற இடத்தில் அட்சரேகை. ஆள்கூற்று முறை ஈ.பி.எஸ்.ஜி. 4326.

மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 7.7 வடக்கு, 81.7 கிழக்கு. எக்ஸையும் ஒய்யையும் மாற்றிக் கொடுத்தால் உங்கள் நோயாளிகள் எல்லாரும் ஆர்க்டிக் கடலில் மிதப்பார்கள். பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் நடப்பதுதான்.

படி 5: மீட்டருக்கு மாற்றி வட்டம் போடுங்கள்

4326 டிகிரியில் அளக்கிறது. நமக்கு மீட்டர் தேவை. வெக்டர் மெனுவில் 'டேட்டா மேனேஜ்மன்ட் டூல்ஸ்', அதில் 'ரீப்ரொஜெக்ட் லேயர்'. இலங்கைக்குரிய ஈ.பி.எஸ்.ஜி. 5235ஐக் கொடுங்கள். அப்புறம் 'ஜியோப்ராசஸிங்' கீழே 'பஃபர்', தூரம் 300 மீட்டர். ஈ அதிகம் பறக்காது என்றோமல்லவா, அந்தக் கணக்கு.

இப்போது வீட்டுப் புள்ளிகளை மறைத்துவிட்டு, இரவு தங்கிய புள்ளிகளின் வட்டங்களை மட்டும் பாருங்கள். தனித்தனி ஊர்க்காரர்களின் வட்டங்கள் ஒரே குளக்கட்டிலோ ஒரே வயல்வெளியிலோ ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா? அங்கே போய்ப் பார்க்கச் சொல்லி பி.எச்.ஐ.யிடம் கொடுக்கலாம்.

படி 6: எண்ணிக்கையை விட்டு வீதத்துக்கு வாருங்கள்

கிராம சேவகர் பிரிவு எல்லைகளை ஐ.நா.வின் மனிதாபிமானத் தரவுத் தளமான எச்.டி.எக்ஸ்.இல் எடுக்கலாம். சனத்தொகையை அதோடு இணைக்கும்போது பிரிவின் பெயரை நம்பாதீர்கள், குறியீட்டு எண்ணைக் கொண்டு இணையுங்கள். களுவாஞ்சிக்குடியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பாருங்கள், ஏனென்று விளங்கும்.

வெக்டர் மெனுவில் 'அனாலிசிஸ் டூல்ஸ்', அதில் 'கவுன்ட் பாயின்ட்ஸ் இன் பாலிகன்'. இதற்கு ஆளுக்கு ஒரு புள்ளியாக வீட்டுப் புள்ளிகளை மட்டும் கொடுங்கள். சனத்தொகை வீட்டை வைத்துத்தானே எண்ணப்படுகிறது. வந்த எண்ணிக்கையைச் சனத்தொகையால் வகுத்து 1000ஆல் பெருக்குங்கள். 3000 பேர் உள்ள பிரிவில் 6 நோயாளி என்றால் ஆயிரத்துக்கு 2. 400 பேர் உள்ள பிரிவில் 2 நோயாளி என்றால் ஆயிரத்துக்கு 5. எண்ணிக்கையில் சின்னதாய்த் தெரிந்த ஊர் மேலே வந்துவிட்டது. ஆனால் 400 பேரில் ஒருவர் கூடினாலே வீதம் 7.5க்குத் தாவும். வீதத்துக்கேற்ப நிறம் பூசும்போது சின்ன ஊர்களின் கடும் சிவப்பைப் பார்த்து அவசரப்படாதீர்கள். இந்தக் கணக்கைச் செய்யும் கியூஜிஐஎஸ் 'ஃபீல்ட் கால்குலேட்டரில்' புதிய பத்தியை 'டெசிமல்' என்று போடுங்கள், இல்லாவிட்டால் தசமம் பறந்துவிடும்.

அம்பாறை மாவட்டத்துக்குச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் கல்முனை தனி வரியாக வரும், ஏனென்றால் அது தனிச் சுகாதாரப் பிராந்தியம். 'அம்பாறை' வரியை மட்டும் எடுத்து முழு மாவட்டத்துக்கும் நிறம் பூசினால் கரையோரத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் பலவும் கணக்கில் இல்லாமல் போகும்.

படி 7: வெளியில் காட்டுமுன்

நான்கு தசம இடம் ஏறத்தாழ 11 மீட்டர். அது வீட்டு வாசல். இரண்டு தசம இடம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். வெளியாருக்குக் காட்டும் வரைபடத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். கலியாணம் பேசும் வயதில் முகத்தில் தழும்போடு ஒரு பிள்ளை இருக்கிற வீட்டைப் புள்ளிபோட்டுக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

படி 8: ஊருக்குக் கொண்டுபோங்கள்

ஏ3 தாளில் பெரிதாய் அச்செடுத்து, வாசிகசாலையிலோ கோயில் வீதியிலோ விரியுங்கள். புள்ளிகள் வேண்டாம், குளம், வயல், பட்டி, பாதை மட்டும். நான் விரித்தபோது வயதான ஒருவர் குனிந்து பார்த்தார். வயலோரத்தில் நான் பட்டி என்று குறித்திருந்த இடத்தில் விரலை வைத்தார். "இதில பட்டி கோடைக்குத்தான் மனே. மாரிக்கு வயல் விதைச்சா மாடெல்லாம் அங்கால மேய்ச்சல் தரைக்குச் சாய்ச்சிருவம். மறுகா வெட்டு முடிஞ்சாத்தான் இஞ்ச கொண்டாருவம்."

அன்றிரவு பட்டி லேயரை இரண்டாகப் பிரித்தேன், மாரிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. பிறகு ஒவ்வொரு புள்ளியின் மாதத்தையும் பார்த்துப் படி 5ஐத் திரும்பவும் செய்தேன். நீங்களும் அட்டவணையில் மாதத்தை எழுத ஒரு பத்தி விட மறக்காதீர்கள்.