வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிந்து எழுதுவது எப்படி: வன்னியில் இரண்டாம் மொழிக் கல்வி ஆய்வு தொடங்குவோருக்கு

தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலமும் சிங்களமும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்பவர்கள் பலர் வினாக்கொத்தோடு நின்றுவிடுகிறார்கள். வகுப்பில் உண்மையில் என்ன பேசப்படுகிறது என்பது வினாக்கொத்தில் அகப்படாது. அதற்கு ஒலிப்பதிவு வேண்டும்.

1. அனுமதி

முதலில் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் கடிதத்தை எடுங்கள். மற்ற இடங்களில் முதலில் கேட்கப்படுவது அதுதான். மாகாணப் பாடசாலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களம், வலயக் கல்விப் பணிமனை, அதிபர் என்று இறங்கி வரவேண்டும். தேசிய பாடசாலை கல்வி அமைச்சின் கீழ் வருவது. மாகாணக் கடிதம் அங்கே போதாது. பெற்றோர் ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பெற்றோர் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு என்ற வீடுகள் இங்கே உண்டு. ஆகவே 'பாதுகாவலர்' என்ற கோட்டையும் படிவத்தில் போடுங்கள். பிள்ளையிடமும் தனியே சம்மதம் கேட்க வேண்டும்.

2. பதிவு

ஐப்பசி முதல் மார்கழி வரை வேண்டாம். தகரக் கூரையில் மாரி மழை இரைந்தால் எந்த மென்பொருளாலும் குரலைப் பிரித்தெடுக்க முடியாது. அரைச்சுவர் வகுப்பென்றால் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் சேர்ந்தே பதிவாகும். அதனால் கரைக் கட்டடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கருவி போதாது. ஆசிரியரின் கழுத்துப்பட்டி மைக்கில் பிள்ளைகளின் குரல் தேய்ந்துபோகும். இரண்டாவது கருவியை நடு வாங்கில், மடித்த துவாய்க்கு மேல் வையுங்கள்; துவாய் இல்லாவிட்டால் மேசை தட்டுவதெல்லாம் இடியாக விழும். இரண்டையும் தொடக்கிவிட்டு ஒருமுறை கைதட்டுங்கள். பிறகு இரு பதிவுகளையும் பொருத்த அந்தத் தட்டல்தான் அடையாளம். கைத்தொலைபேசி என்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள்.

3. கோப்பு

44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பாக வையுங்கள். 40 நிமிடப் பாடம் ஏறத்தாழ 212 மெகாபைட் வரும். வட்ஸ்அப்பில் குரற்பதிவாக அனுப்பவே கூடாது: ஒலி சுருங்கும், பிள்ளைகளின் குரலும் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

4. ஈலான்

எழுதுவதற்கு ஈலானைத்தான் பரிந்துரைப்பேன். ஒலியைக் கேட்டபடியே ஒவ்வொரு வரியையும் அதன் நேரத்தோடு இணைத்து எழுத உதவும், நைமேகன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் இலவச மென்பொருள் அது. வேர்டில் எழுதினால் எந்த வரி எந்த நொடியில் வந்தது என்று பிறகு தேடி அலையவேண்டும். பேசுபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அடுக்கு (அவர் பேச்சை மட்டும் எழுதும் தனி வரிசை), அதன் கீழ் மொழிபெயர்ப்புக்கு ஒரு சேய் அடுக்கு. எம்பி3 கொடுத்தால் நேரம் பிசகக்கூடும், ஆகவே வேவ் கோப்பையே இணையுங்கள். 40 நிமிடப் பாடத்துக்கு ஆறேழு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

5. எழுதுதல்

எல்லோரும் இடறுவது இங்கேதான். தட்டச்சுக் கடையில் கொடுத்தால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வரும். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது. பாமினியில் 'அம்மா' என்பது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கிறது. யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் அந்த எழுத்துகளையும், பிள்ளை சொன்ன ஆங்கிலச் சொல்லையும் பிரித்தறியாது. ஆங்கிலமெல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்தாகிவிடும். இருமொழித் தரவுக்கு இது பேரழிவு. முதல் வரியிலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள்.

அடுத்தது, திருத்தாமல் எழுதுவது. இந்த மாதிரி உரையாடலைப் பாருங்கள்:

ஆசிரியர்: கோ எண்டா பாஸ்ற் ரென்ஸில என்ன வரும்?
மாணவி: ரீச்சர், கோட்... இல்ல, வென்ற்.

உங்கள் கோப்பில் ஆங்கிலச் சொற்கள் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். 'எண்டா' என்பதை 'என்றால்' ஆக்காதீர்கள். 'கோட்' (goed) பிழைதானே என்று அழித்தால் ஆய்வே போய்விட்டது: இறந்தகாலத்துக்கு ed சேர்க்கும் விதியைக் கற்ற பிள்ளை அதை எல்லா வினைக்கும் பொருத்திப் பார்க்கிறாள், பிறகு தன்னைத்தானே திருத்துகிறாள், அந்தத் திருத்தத்தைத் தமிழில் 'இல்ல' என்று தொடங்குகிறாள். இவ்வளவும் ஒரு வரியில் இருக்கிறது. 'ரீச்சர்' தமிழாகிவிட்ட சொல், அதைத் தமிழ் எழுத்தில் எழுதலாம். எது கடன்சொல், எது மொழிமாற்றம் (பேச்சின் நடுவே மற்ற மொழிக்குத் தாவுவது) என்ற முடிவை ஒரு கொப்பியில் குறித்துவைத்துக் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

பேச்சின் நிறுத்தம், ஏற்ற இறக்கம் முதலியவற்றை எழுத்தில் காட்டும் ஜெஃபர்சன் குறியீடுகள் அனைத்தும் தொடக்கத்தில் வேண்டியதில்லை. நிறுத்தம், இருவர் குரல் மோதும் இடம், விளங்காத சொல் ஆகிய மூன்றும் போதும்.

பிற்சேர்க்கை: சிங்களப் பாடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். ஊரைக் குறிக்கும் 'கம' என்ற சொல்லை மாணவர் ஆங்கில g ஒலியில் தொடங்கினாரா k ஒலியில் தொடங்கினாரா என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. உச்சரிப்புப் பிழையே உங்கள் தரவாக இருக்கும்போது அது மறைந்துவிடும். சிங்கள யூனிகோடில் எழுதி, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் பத்து நிமிடப் பகுதியையாவது கேட்கக் கொடுத்து ஒப்பிடுங்கள்.